முதிய நாயும் முக்கால் நடையும்

நாயை நன்றிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் நம்மவர் வழக்கு. பள்ளிச் சிறுவன் எழுதும் முதற் கட்டுரை பசுவைப்பற்றியதாயின், இரண்டாவது பெரும்பாலும் நாயைப்பற்றியதாகவே இருக்கும். அக்கட்டுரைகளெல்லாம் நாய் நமக்குச் செய்யும் உதவியை விரித்துரைப்பன. அந்நாய் முதுமையும் நோயும் எய்தியவிடத்து அதற்கு நாம் செய்யக் கடவது யாது என்பதைக் கூறுவன மிகச் சில. அக்குறையைச் சிறிதேனும் நிரப்பக் கருதியே இதனை எழுதப் புகுந்தோம். யாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: எலும்பிற் புற்றுநோய் கண்டு, அதன்பொருட்டு ஒரு காலை இழந்து, பின்னும் மருந்துச் சிகிச்சை பெற்றுவரும் முதிய நாயை வீட்டிற் பேணுவது எங்ஙனம் என்பதே அது.

யாம் கால்நடை மருத்துவம் கற்றவரல்லேம். ஆயினும், எம்மோடு ஒன்பது ஆண்டு வாழ்ந்த மணி என்னும் நாய்க்கு இந்நோய் வந்தபோது, மருத்துவரிடம் கேட்டறிந்தனவும், நூல்களிற் கண்டனவும், எம் பிழைகளால் உணர்ந்தனவும் பல. அவை பிறர்க்கும் பயன்படுமென நம்புகிறோம். மணி, லாப்ரடார் இனத்துத் தாய்க்கும் இன்ன இனமென்று சொல்லவியலாத தந்தைக்கும் பிறந்தது. நிறை 34 கிலோகிராம். விடுதி மாணவர் ஆண்டுதோறும் மாறினும் மணி மாறுவதில்லை. மாலையிற் பந்தாட்டக் களத்தின் எல்லைக்கோட்டருகே அமர்ந்திருத்தலும், இரவில் உணவுக்கூடத்தின் வாயிலில் எல்லார்க்கும் முன்னதாக நிற்றலும் அதன் நித்திய கடமைகள்.

நோயின் இயல்பு

ஈராண்டுகட்குமுன் ஆடி மாதத்தில், மணி இடப் பின்னங்காலைச் சிறிது தூக்கி நடக்கத் தொடங்கிற்று. களத்திற் பந்தின் பின்னே ஓடிச் சுளுக்கிக்கொண்டதென்று யாம் எண்ணினோம். காட்டிய இடத்திலும் அவ்வாறே எண்ணி நோவு தணிக்கும் மாத்திரை தந்தனர். மாத்திரை உண்ட நாட்களில் நொண்டல் குறைந்தது, நிறுத்தியவுடன் மீண்டது. இங்ஙனம் ஐந்து வாரம் கழிந்தன. ஆறாம் வாரத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு பருத்திருத்தல் கைக்குத் தட்டுப்பட்டது. பின்னரே எக்ஸ்ரே படம் எடுக்கப்பட்டது. படத்தில் எலும்பின் ஒரு பகுதி செல்லரித்த மரம்போலக் குழிந்தும், அதனைச் சூழப் புதிய எலும்பு ஒழுங்கின்றி முளைத்தும் இருந்தது. ஊசியால் எடுத்த அணுக்களைச் சோதித்தபின், அஃது ஆஸ்டியோசார்கோமா எனப்படும் எலும்புப் புற்றுநோய் என்பது உறுதியாயிற்று.

நாய்களின் எலும்பில் முதலாகத் தோன்றும் புற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 இவ்வகையினவே. இது பெரும்பாலும் பெருத்த உடலுடைய இனங்களையே பற்றும். கிரேட் டேன், ராட்வைலர், செயின்ட் பெர்னார்டு, கிரேஹவுண்டு ஆகியவற்றில் இது மிகுதி. ஏழு வயதுக்கு மேற்பட்டவற்றிலேயே பெரும்பான்மையாகக் காணப்படும். ஒன்றரை இரண்டு வயதிலும் சிறுபான்மை தோன்றுவதுண்டு. உடலின் பாரத்தை மிகுதியாகத் தாங்கும் முன்னங்கால்களில் இது பின்னங்கால்களினும் ஏறக்குறைய இரு மடங்கு தோன்றும். முன்னங்காலாயின் மணிக்கட்டுக்கு மேலும் தோளை அடுத்தும், பின்னங்காலாயின் முழங்காலை அடுத்தும் வருதல் இதன் இயல்பு.

இந்நோயில் அறியவேண்டுவன இரண்டு. முதலாவது, இது மிக்க நோவு தருவது. புற்று எலும்பை உள்ளிருந்து அரிப்பதால், ஒருநாள் படியிறங்கும்போதே அவ்வெலும்பு முறிந்துபோதலும் கூடும். நாய் தன் நோவை வாய்விட்டுக் கூறாது. ஊளையிடாதிருப்பதனால் நோவில்லை என்று கொள்ளுதல் பிழை. நொண்டுதலே அதன் முறையீடு. இரண்டாவது, நோய் கண்டறியப்படும்பொழுதே, பத்தில் ஒன்பது நாய்களில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய அணுக்கள் குருதி வழியே சென்று நுரையீரல் முதலிய இடங்களில் தங்கியிருக்கும். ஆகவே, மார்பின் எக்ஸ்ரே படம் தூயதாயிருப்பினும் நோய் காலளவில் நின்றதென்று துணிதற்கில்லை. காலில் உள்ளது நோவின் மூலம். நுரையீரலில் உள்ளது மரணத்தின் மூலம். முன்னதற்குக் கத்தியும் பின்னதற்கு மருந்தும் வேண்டப்படுதற்குக் காரணம் இதுவே.

ஈண்டு மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. மக்களுள், வளர்ச்சி விரையும் பருவத்துச் சிறார்க்கும் இளைஞர்க்கும் முழங்காலருகே வரும் எலும்புப் புற்றும் இதுவும் பெரிதும் ஒத்தவை. அதனால் நாய்க்குச் செய்யும் ஆராய்ச்சி குழந்தைக்கும், குழந்தைக்குச் செய்யும் ஆராய்ச்சி நாய்க்கும் பயன்பட்டு வந்துள்ளது. அமெரிக்காவிற் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வித்ரோ என்னும் மருத்துவரும் அவருடன் உழைத்தவர்களும், காலை நீக்காமல் நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி வேறு எலும்பைப் பொருத்தும் முறையை நாய்களிற் செய்து தேர்ந்தனர். அவ்வறிவு சிறுவர்க்குச் செய்யும் சிகிச்சைக்கும் துணையாயிற்று.

காலை நீக்குதல் தகுமோ

மருத்துவர் காலை நீக்கவேண்டுமென்று கூறியபோது, எம் மனத்தில் எழுந்த முதற்சொல் 'வேண்டா' என்பதே. முதிர்ந்த வயதில் இவ்வாயில்லாப் பிராணியை உறுப்பறையாக்குவதா என்று வருந்தினோம். அன்பர் சிலரும் அவ்வாறே கூறினர். ஆயின், மருத்துவர் அமைதியாக ஒன்று கேட்டார்: “இப்போது மணி எத்தனை காலால் நடக்கிறது?” எண்ணிப் பார்த்தோம். மூன்று காலால்தான் நடந்துகொண்டிருந்தது. நான்காவது கால் நடைக்கு உதவாமல் நோவுக்கு மட்டுமே உதவிற்று. அதனை நீக்குவது நடையை நீக்குவதன்று, நோவை நீக்குவதே.

வயது தானே தடையாகாது. நோக்கவேண்டுவன வேறு: இருதயமும் சிறுநீரகமும் மயக்க மருந்தைத் தாங்குமா, எஞ்சிய மூன்று கால்களின் மூட்டுகள் நல்லனவா, முதுகுத் தண்டிற் கோளாறு உண்டா, உடல் மிகப் பருத்துள்ளதா என்பன. நாயின் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கை முன்னங்கால்களும் 40 பங்கைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. எனவே பின்னங்காலை இழந்த நாய்க்கு நிலைகொள்ளுதல் சற்று எளிது. முன்னங்காலை இழந்தது தலையைத் தாழ்த்தும்போதெல்லாம் தடுமாறப் பழகவேண்டும். இரண்டும் பழகிவிடும் என்பதே அனுபவம். அமெரிக்காவில் 2005 முதல் 2012 வரை காலிழந்த 64 நாய்களின் உரிமையாளரை வினவி, அவர் கூறியவற்றை 2015-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 91 பேர் நாயின் குணம் மாறவில்லை என்றனர். 78 பேர் தாம் எதிர்பார்த்ததினும் அது நன்கு தேறியது என்றனர்.

காலை நோயுற்ற இடத்தளவில் வெட்டுவதில்லை. முன்னங்காலாயின் தோள்பட்டை எலும்போடும், பின்னங்காலாயின் இடுப்புப் பொருத்திலோ தொடையின் மேற்பகுதியிலோ நீக்குவர். பாதித் தண்டு எஞ்சினால் அது தரையிலும் சுவரிலும் மோதிப் புண்படும். இதனாலேயே இத்தகைய நாய்க்குப் பொய்க்கால் பொருத்துதல் பெரும்பாலும் இயலாது, அதற்கு வேண்டியதுமில்லை.

காலை நீக்குதற்கு உடல் இடங்கொடாதவிடத்து, கதிர்ச் சிகிச்சையாலும், எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகளாலும், நோவு தணிக்கும் மருந்துகளாலும் சில மாதம் துன்பம் குறைத்து வைத்தல் கூடும். அதுவும் பேணுதலே, அதனைத் தேர்ந்தவர் தம் நாயைக் கைவிட்டவர் ஆகார்.

முதல் இரு வாரம்

மணி அறுவைக்குப் பின் வீடு வந்த நாள் எமக்குக் கொடிய நாள். இடப்புறம் முழுதும் மயிர் மழிக்கப்பட்டு, நீண்ட தையலோடும் நீலம் பாய்ந்த தோலோடும் அது கிடந்தது. இக்காட்சிக்கு வீட்டார் முன்னரே மனத்தைத் தயார்செய்துகொள்ளல் வேண்டும். தையலருகே நீர் கோத்துத் தோல் தொங்குதலும் உண்டு. அது பெரும்பாலும் தானே வற்றிவிடும். சீழ், துர்நாற்றம், சூடு, தையல் விடுதல் ஆகியவை காணின் உடனே காட்டவேண்டும். தையல் 10 முதல் 14 நாளிற் பிரிக்கப்படும். அதுவரை நாய் புண்ணை நக்காதபடி கழுத்தில் கூம்பு அணிவித்தல் இன்றியமையாதது.

இந்நாட்களில் வீட்டாரின் முதற்பணி தரையைச் செப்பம் செய்தல். நம் வீடுகளின் வழவழப்பான சிமெண்டுத் தரையும் பளிங்குபோன்ற ஓடுகளும் மூன்று காலுள்ள பிராணிக்குப் பகை. ஒருமுறை சறுக்கி விழுந்த நாய் அத்தரையைக் கண்டே அஞ்சும். யாம், மணி படுக்குமிடத்திலிருந்து வாயில்வரை தென்னைநார் விரிப்புகளையும் மடித்த சாக்குகளையும் ஒரு நடைபாதைபோல இட்டோம். உணவுத் தட்டையும் நீர்ப் பாத்திரத்தையும் ஒரு முழ உயரப் பலகைமேல் வைத்தோம். படிகளை மறித்தோம். பாதங்களுக்கிடையே வளரும் மயிரைக் கத்தரித்து நகங்களைக் குறுக்கினோம். இவை சிறுசெயல்களாயினும் பிடிப்பு மிகுதியாகும்.

எழுந்து நிற்கவும் வெளியே செல்லவும் முதற் சில நாள் துணை வேண்டும். நீண்ட துண்டொன்றை வயிற்றின்கீழ்க் கொடுத்து இருமுனையையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்தலாம். தூக்குதல் நோக்கமன்று, விழாமற் காத்தலே நோக்கம். கடும் நோவு மருந்துகளால் மூன்று நான்கு நாள் மலம் கழியாதிருத்தல் இயல்பு, அதற்காக அஞ்சவேண்டா. இரவில் திடீரென அலறி எழுதலும், இல்லாத காலின் பக்கம் திரும்பி நோக்குதலும் சில நாய்களிற் காணப்படும். அறுபட்ட நரம்புகளின் கிளர்ச்சியால் இஃது உண்டாகும் என்பர். மருத்துவரிடம் கூறினால் அதற்கேற்ற மருந்து தருவர். ஆனால் மக்களுண்ணும் நோவு மாத்திரைகளை ஒருபோதும் தாமே கொடுத்தல் ஆகாது. ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே கேடு விளைப்பன.

எம்முடைய பெரும்பிழை ஒன்றை ஈண்டுக் கூறுதல் கடமை. மணி எழ முயலும்போதெல்லாம் யாமும் விடுதி மாணவர் இருவரும் ஓடிச்சென்று அதனைத் தூக்கினோம். உணவைப் படுக்கைக்கே கொண்டு சென்றோம். ஐந்து நாள் இவ்வாறு கழிந்தபின், தோட்டம் பார்க்கும் பெரியவர் வேலியோரத்தில் நின்று நெடுநேரம் பார்த்திருந்து, “ஐயா, கொஞ்சம் அதை விட்டுவிட்டுப் பாருங்கள். விழுந்தால் எழுந்துகொள்ளும். அதற்குத் தன் காலைப்பற்றி வருத்தமில்லை, வருத்தமெல்லாம் உங்கள் முகத்தில்தான் இருக்கிறது” என்றார். அன்று மாலை துண்டை எடாமல் ஐந்தடி தொலைவில் அமர்ந்துகொண்டோம். மணி எழுந்தது, ஒருமுறை பின்புறம் சாய்ந்தது, மறுபடி எழுந்து, எஞ்சிய பின்னங்காலை உடலின் நடுவே கொணர்ந்து ஊன்றி, எம்மைக் கடந்து, நேரே பந்தாட்டக் களத்தின் எல்லைக்கோட்டுக்குச் சென்று அமர்ந்தது. களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் அனைவரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டனர்.

நாய்க்குத் தன் உருவத்தைப்பற்றிய நாணமில்லை. நேற்று நான்கு கால் இருந்ததே என்னும் ஒப்பீடும் இல்லை. நோவு போயிற்றா, எழ இயலுமா, உற்றார் அருகில் உளரா என்பவற்றையே அது நோக்குகின்றது. அன்று யாம் அறிந்த உண்மை இதுவே. பின்வந்த மாதங்களில் எம்மை வழிநடத்தியதும் இதுவே.

மருந்துச் சிகிச்சை

காலை நீக்கியதோடு நின்றால் இந்நோயுற்ற நாய்களிற் பாதி நான்கைந்து மாதத்துக்குள் நுரையீரற் புற்றால் இறக்கின்றன. மருந்துச் சிகிச்சையும் சேர்த்தால் அக்காலம் ஏறத்தாழ பத்து மாதம் முதல் ஓராண்டுவரை நீளுகின்றது. இரண்டாண்டு கடப்பன ஐந்தில் ஒன்றளவோ அதனிற் குறைவோ ஆம். இவ்வெண்களை உரிமையாளர் தொடக்கத்திலேயே கேட்டறிதல் நன்று. இச்சிகிச்சை நோயை வேரறுக்கும் என்னும் நம்பிக்கையோடு புகுவோர் பின்னர்த் தம்மையும் மருத்துவரையும் நொந்துகொள்வர். நாய்க்குச் செய்யும் இச்சிகிச்சையின் நோக்கம் நல்ல நாட்களைப் பெருக்குதலே.

பயன்படும் மருந்துகளில் முதன்மையானவை பிளாட்டினம் என்னும் உலோகத்தின் கூட்டுப்பொருள்கள். இவற்றின் வரலாறு வியப்பானது. 1965-இல் அமெரிக்காவில் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்னெட் ரோசன்பர்க் என்பார், மின்னோட்டம் நுண்ணுயிர்களை எவ்வாறு பாதிக்கின்றது என ஆராயும்போது, பிளாட்டினத் தகடுகளிலிருந்து கரைந்த பொருள் அவ்வுயிர்களைப் பிரிந்து பெருகவிடாமல் நூல்போல நீளச் செய்ததைக் கண்டார். பெருகுதலைத் தடுக்கும் பொருள் புற்றையும் தடுக்குமன்றோ என்னும் எண்ணத்திற் பிறந்ததே சிஸ்பிளாட்டின். 1978-இல் அமெரிக்க அரசு அதனை மக்களுக்குரிய மருந்தாக ஒப்புக்கொண்டது. சிறுநீரகத்துக்கு அதனினும் குறைந்த தீங்கு செய்யும் கார்போபிளாட்டின் 1989-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று நாய்களின் எலும்புப் புற்றுக்கு மிகுதியும் வழங்கப்படுவது இப்பின்னதே. டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்தும் உண்டு. அஃது அளவு மிகின் இருதயத்தைத் தாக்குமாகலின், வாழ்நாளில் இவ்வளவுக்கு மேற்படலாகாதென்று எல்லை கட்டியிருக்கின்றனர்.

கார்போபிளாட்டினை, புண் ஆறிய இரண்டு வாரமளவில் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முதல் ஆறு முறை நரம்பின் வழியே செலுத்துவர். அளவை உடலின் நிறையால் அன்றி உடற்பரப்பால் கணிப்பர். ஒரு சதுர மீட்டர்க்கு 300 மில்லிகிராம் என்பது பெரிய நாய்க்குரிய வழக்கமான அளவு. காலிழந்தபின் மணியின் நிறை 32 கிலோகிராம். அதற்குரிய பரப்பு ஒரு சதுர மீட்டரினும் சிறிதே மிகுதி. ஒவ்வொரு முறைக்கும் முன் குருதியைச் சோதித்து, வெள்ளணுக்கள் போதிய அளவில் இருந்தாலன்றி மருந்தேற்றார்; குறைந்திருப்பின் ஒரு வாரம் தள்ளிவைப்பர்.

மக்களுக்கு இச்சிகிச்சை தரும் துன்பங்களைக் கண்டோர், நாயை இதற்கு உட்படுத்துவது கொடுமை என்று எண்ணுவர். ஆனால் நோயை முற்ற ஒழித்தல் மக்களிற் குறிக்கோளாதலின் அங்கே அளவு கடுமை. நாயில் சுகவாழ்வே குறிக்கோளாதலின் இங்கே அளவு மென்மை. பெரும்பாலான நாய்களுக்கு மயிர் உதிர்வதில்லை. பூடில் போன்று மயிர் இடைவிடாது வளரும் இனங்களுக்கே உதிரும். மணிக்கு மீசைமயிர் சில உதிர்ந்தன, வேறொன்றுமில்லை.

வீட்டார் காவல்

மருந்தேற்றிய பின் நாட்களை இரு கட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற்கட்டம் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வருதல் இக்காலத்தே. மரோபிடன்ட் என்னும் வாந்தி தடுக்கும் மருந்தை மருத்துவர் முன்னரே தந்திருப்பர். மசாலும் உப்பும் சேராமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் சிறுசிறு அளவாகப் பலமுறை கொடுத்தோம். வெதுவெதுப்பாக இருந்தால் மணம் எழுந்து பசியைத் தூண்டும். பச்சை இறைச்சி இக்காலத்தில் ஆகாது. நோயெதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்திருக்கையில் அதிலுள்ள கிருமிகள் கேடு செய்யும். ஒருநாள் முழுதும் நீரும் தங்காமல் வாந்தியாயின் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இரண்டாம் கட்டம் இரண்டாம் வாரம். அப்போது குருதியின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். நாய் நன்றாகவே தோன்றும். ஆயினும் சிறு தொற்றும் பெருந்தீங்காதல் கூடும். ஆதலின் அவ்வாரத்தில் நாள்தோறும் இருவேளை உடற்சூட்டை அளத்தல் நன்று. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை; 103-க்கு மேற்படின் இரவென்றும் பாராமல் மருத்துவரை நாடவேண்டும். மணிக்கு இரண்டாம் முறை மருந்தேற்றிய பதினோராம் நாள், இரவு பத்து மணிக்கு வெப்பமானி 103.8 காட்டிற்று. அது வழக்கம்போலவே வாலாட்டிக்கொண்டிருந்தது. மானியை நம்பாது வாலை நம்பியிருந்தால் மணியை அன்றே இழந்திருப்போம். இரு நாள் நரம்பின் வழியே மருந்தும் நீரும் ஏற்றித் தேற்றினர். அடுத்த முறை அளவைச் சிறிது குறைத்தனர்.

மருந்தேற்றியபின் குறைந்தது மூன்று நாள் நாயின் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் அம்மருந்து கழியும். அவற்றைக் கையுறையணிந்தே அகற்றவேண்டும். கருவுற்ற பெண்டிரும் குழந்தைகளும் அப்பணியில் ஈடுபடலாகாது. வீட்டுக்கு வெளியே, பிறர் நடமாட்டமில்லாத மண்ணிடத்தில் சிறுநீர் கழிக்கச் செய்து, அவ்விடத்தில் மிகுதியாக நீர் ஊற்றுதல் நன்று. நாயைத் தடவுவதாலோ அருகில் உறங்குவதாலோ தீங்கில்லை. இதனை விடுதியார்க்கு விளக்கியபின்னரே பலருடைய அச்சம் நீங்கிற்று.

உடல் பருக்காமற் காத்தலும் இவ்வாறே முக்கியம். இரக்கத்தால் பிஸ்கோத்தும் நெய்ச்சோறும் ஊட்டுவோர், மூன்று காலின்மேல் சுமையேற்றுகின்றனர். விலாவெலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும் என்பதே அளவு. நடை நீண்டதாயிருத்தலினும், குறுகியதாய்ப் பலமுறை இருத்தல் நன்று. கோடையில் வெயில் தாழ்ந்தபின்னரே வெளியே அழைத்துச்செல்ல வேண்டும். மூன்று காலால் நடப்பதற்கு உழைப்பு மிகுதியாகலின் மூச்சு விரைவில் வாங்கும்.

நல்ல நாளும் அல்லாத நாளும்

இச்சிகிச்சையின் இடையே எவர்க்கும் எழும் வினா ஒன்றுண்டு: இதனை எவ்வளவு காலம் தொடர்வது? நாய் சொல்லாது, அன்பு நம் கண்ணை மறைக்கும். இதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமெனக் கருதி, அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் ஒரு முறையை வகுத்தார். நோவின்மை, உணவு, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் மிகுதி ஆகிய ஏழனுக்கும் தனித்தனியே பத்துக்கு இத்துணை என மதிப்பிட்டுக் கூட்டவேண்டும். மொத்தம் எழுபதில் 35-க்கு மேற்படின் வாழ்வு தாங்கத்தக்கது. குறையின் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும்.

யாம் இதனை எளிதாக்கிக்கொண்டோம். உணவுக்கூடத்துச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில், மணி தானே எழுந்து களத்துக்குச் சென்று, இரவு தன் தட்டைக் காலிசெய்த நாளுக்கு ஒரு சுழியும், அல்லாத நாளுக்கு ஒரு பெருக்கற்குறியும் இடுவதென முடிவுசெய்தோம். குறியிடும் பொறுப்பை மாணவர் இருவரிடம் விட்டோம். எம் கை பொய்க்குறி இடும் என்று எமக்கே ஐயம். ஒரு வாரத்தில் பெருக்கற்குறி சுழியினும் மிகுமாயின் மருத்துவரை வரவழைப்பதென்றும் முன்னரே உறுதிசெய்துகொண்டோம். துயரம் வந்தபின் எடுக்கும் முடிவினும், தெளிவுள்ள நாளில் எடுத்த முடிவே நேர்மையானது.

ஐந்து முறை மருந்தேற்றி முடிந்தது. இரண்டு மாதத்துக்கொருமுறை மார்பின் படம் எடுத்தனர். மார்கழியில் படம் தூயதாயிருந்தது, மாசியிலும் தூயதாயிருந்தது. அவ்வாண்டு விடுதி விழாவில் மணி முன்வரிசையில் அமர்ந்திருந்தது. சித்திரையிறுதியில் எடுத்த படத்தில் நுரையீரலில் மூன்று வட்ட நிழல்கள் தெரிந்தன. நோவுக்கும் இருமலுக்கும் மட்டும் மருந்து தந்து, வேறொன்றும் செய்யாதிருப்பதென முடிவாயிற்று. அதன்பின்னும் ஆறு வாரம் நாட்காட்டியில் சுழிகளே நிறைந்தன.

ஆனி மாதத்தில் ஒரு வாரம் பெருக்கற்குறி நான்கு வந்தது. மாணவர் அதனை எம்மிடம் வந்து கூறவில்லை. நாட்காட்டியைக் கழற்றிக்கொணர்ந்து எம் மேசைமேல் வைத்துவிட்டு நின்றனர். மறுநாள் காலை மருத்துவர் விடுதிக்கே வந்தார். மணி தன் தென்னைநார் விரிப்பின்மேற் படுத்திருந்தது. முதலில் உறக்கம் தரும் மருந்தும், பின்னர் உயிர் அமைதியாக நீங்கும் மருந்தும் செலுத்தினார். தோட்டத்துப் பெரியவர் அதன் தலையைத் தம் மடியில் வைத்திருந்தார். களத்தின் எல்லைக்கோட்டுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் அதனை அடக்கம் செய்தோம்.

அறுவை நடந்த நாள்முதல் கணக்கிட்டால் மணி பத்து மாதம் வாழ்ந்தது. அவற்றுட் பெருக்கற்குறி பெற்ற நாள் முப்பத்தொன்று. ஏனைய நாளெல்லாம் சுழி பெற்றன. இத்தனை உழைப்பும் செலவும் பத்து மாதத்துக்கோ என்று வினவியவர் உளர். பத்து மாதம் என்பது நம் கணக்கு; நாய்க்கு அது வாழ்வில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அன்றியும், நோவோடு கழியவிருந்த நாட்கள் களத்தருகே கழிந்தன. பொருளோ உடல்நிலையோ இடங்கொடாமையால் இவ்வழியை மேற்கொள்ள இயலாதவர் நோவை மட்டும் தணித்து அமைதியான முடிவைத் தருவராயின், அவரும் தம் கடமையைச் செய்தவரே.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். உங்கள் வீட்டு நாய் முதுமையில் ஒரு காலைத் தூக்கி நடப்பின், இரு வாரத்தில் அது நீங்காதாயின், சுளுக்கென்று இருந்துவிடாமல் எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்யுங்கள். யாம் இழந்த ஐந்து வாரத்தை நீங்கள் இழக்கவேண்டா. காலை நீக்க நேரின், உங்கள் துயரத்தை அதன் துயரமென்று கருதாதீர்கள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தடி தொலைவில் அமருங்கள். அது எழுந்து வரும்.